வெண்ணெய்ப் பழமும் வெத்தலைச் சுண்ணாம்பும்

களக்காட்டுக்காரனை ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போவதில் ஒரு சங்கடம் உண்டு. உட்கார்ந்ததும் இலையைத் தேடுவான். பச்சையாற்றுத் தண்ணீரில் வாழை வைத்துப் பிழைக்கிற ஊர் எங்களுடையது. ஏத்தனும் கதலியுமாகத் தார் வெட்டி லாரி லாரியாகக் கேரளத்துக்கு அனுப்புவோம். எவ்வளவு அனுப்பினாலும் வீட்டில் சாப்பிட இலைக்குப் பஞ்சம் வந்ததில்லை. வெளியூர்க்காரர்கள் களக்காடு என்றதும் புலியைத்தான் விசாரிப்பார்கள். களக்காடு முண்டந்துறை தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், 1988-ல் வந்தது, விசாரிப்பதில் தப்பில்லை. ஆனால் எங்களுக்குப் புலியோடு போக்குவரத்து கிடையாது. ராத்திரியோடு ராத்திரியாக வந்து வாழையைச் சாய்த்துவிட்டுப் போகிற பன்றியோடுதான் எல்லா வழக்கும்.

இந்த ஊரிலிருந்து கிளம்பிப்போய் நான் சென்னையில் ஒரு மெக்சிகன் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தேன்.

அழைத்துப்போனது என் அக்கா மகன். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சம்பளம் கூடியிருக்கிறது, எல்லோரும் வாருங்கள் என்றான். எல்லோரும் என்றால் நான், என் மனைவி, என் அம்மா. அம்மா அவனுக்கு ஆச்சி. வெத்தலைப் பெட்டி இல்லாமல் தெருமுக்குக்கூடப் போகாதவள். நெல்லை எக்ஸ்பிரஸில் எங்களோடு பெட்டியும் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி பென்ஷன் வாங்குகிறவன். இதைச் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரப்போகிற தொந்தரவுகளுக்கு அது காரணம்.

“இன்னைக்கு ராத்திரி மெக்சிகன் சாப்பிடுதோம் மாமா. ஊர்ல கிடைக்காததாச் சாப்பிட்டாத்தான் மெட்ராசுக்கு வந்ததுக்கு அர்த்தம்.”

“சைவந்தானல?” என்றாள் அம்மா.

“சைவமும் இருக்கு ஆச்சி.”

“அந்த ஊருலயும் நம்மள மாதிரி ஆளுக உண்டுமா?”

அவன் பதில் சொல்லவில்லை. கார் கதவைத் திறந்துவிட்டான்.

ஓட்டல் வாசலிலேயே அம்மா நின்றுவிட்டாள். ஆளுயரத்துக்கு ஒரு கள்ளி, பிளாஸ்டிக்கில். “இது நம்ம வேலியில கிடக்க சப்பாத்திக்கள்ளில்லா? இதையா காசு குடுத்து வாங்கி நட்டிருக்கான்?”

எனக்கு வாய் துறுதுறுத்தது. சப்பாத்திக்கள்ளி அந்தப் பக்கத்துச் செடிதான். மெக்சிகோ நாட்டுக் கொடியில் கழுகு உட்கார்ந்து பாம்பைக் கொத்துகிறதே, அது உட்கார்ந்திருப்பது இந்தக் கள்ளிமேல். சிவப்புச் சாயம் தருகிற பூச்சியை இதில் வளர்த்துக் காசு பார்க்கலாம் என்று கும்பெனிக்காரன் காலத்தில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். சாயம் தேறவில்லை. கள்ளி மட்டும் நாடெங்கும் படர்ந்து காடும் மேடும் அடைந்துபோக, கடைசியில் 1926-ல் அதைத் தின்பதற்கென்றே வேறொரு பூச்சியை இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அதன் பிறகுதான் அடங்கியது. நாம் பூச்சி விட்டு அழித்ததை மெக்சிகோக்காரர்கள் முள்ளைச் சீவி, நறுக்கி, வதக்கிச் சாப்பிடுகிறார்கள்.

“மணியடிச்சாச்சு. வகுப்பை முடிங்க” என்றாள் என் மனைவி.

உள்ளே ஒரே இருட்டு. சுவர் முழுக்கக் குடை அகலத் தொப்பிகள், கிதார், மீசை. பரிமாற வந்த பையன் அஸ்ஸாம்காரன், நல்ல முகம், தட்டுத் தடுமாறி அழகாகத் தமிழ் பேசினான். “வாட்டர் ரெகுலரா, பாட்டிலா சார்?” தாமிரபரணிக்காரனிடம் கேட்கக்கூடாத கேள்வி. பொறுத்துக்கொண்டேன். “கள்ளிப் பொரியல் இருக்கா தம்பி?” என்று நான் கேட்டேன். அவன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, “சார், அது டெக்கரேஷன்” என்றான்.

முதலில் நாச்சோஸ் வந்தது. இதற்கும் ஒரு கதை உண்டு, சின்னதுதான். 1940-களில் மெக்சிகோவின் எல்லை ஊரான பியத்ராஸ் நெக்ராஸில், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து அமெரிக்கப் பட்டாளத்துக்காரர்களின் வீட்டம்மாக்கள் சிலர் ஒரு ஓட்டலுக்கு வந்துவிட்டார்கள். சமையல்காரரைக் காணோம். விருந்தாளிகளைக் கவனிக்கிற இக்னாசியோ அனாயா தாமே அடுப்படிக்குப் போய், இருந்த சோள அடையைத் துண்டு போட்டுப் பொரித்து, சீஸ் உருக்கி, மிளகாய் ஊறுகாயை மேலே வைத்துக் கொடுத்தார். மூன்றே சாமான். ஆள் இல்லாத நேரத்தில் கையில் கிடைத்ததை வைத்து மானத்தைக் காப்பாற்றிய பண்டம் அது.

எங்களுக்கு வந்த தட்டில் பன்னிரண்டு சாமானாவது இருக்கும். ஸ்வீட் கார்ன், குடமிளகாய், பனீர், கறுப்பாக ஏதோ வட்டம், அதற்கும் மேலே மயோனைஸ் கோலம். கோலம் என்றால் நிஜமாகவே கோலம். ஒரு மூலையில் ஆரம்பித்துக் கை எடுக்காமல் இழுத்து மறு மூலையில் முடித்திருந்தான். அடியில் கிடந்த சோள வில்லைகள் ஊறிப்போய், எடுத்தால் நடுவில் மடிந்தன. அம்மா ஒன்றைத் தூக்கினாள். பாதி கைக்கு வந்தது, பாதி தட்டிலேயே தங்கிவிட்டது. கைக்கு வந்ததை வாயில் போட்டு மென்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “சும்மா சொல்லக்கூடாது. பல்லு இல்லாதவங்களுக்கு நல்ல பண்டம்” என்றாள்.

அடுத்தது குவாக்கமோலி. இதில் எனக்கு நம்பிக்கை இருந்தது. வெண்ணெய்ப் பழத் துவையல்தான் அது. நம் பழனி மலைச்சரிவில், தாண்டிக்குடிப் பக்கத்துக் காபித் தோட்டங்களில் நிற்கிறதே, அதே பழம். அங்கே எரிமலைக் கல்லில் செதுக்கிய மூன்று கால் உரலில் பச்சை மிளகாய், வெங்காயம், மல்லித்தழை, உப்பு வைத்து நசுக்கி, பழத்தைச் சேர்த்து எலுமிச்சம்பழம் பிழிவார்கள். சேர்மானத்தைக் கேட்டால் எந்த ஆச்சியும் தலையாட்டுவாள். ஆனால் கிண்ணத்தில் வந்தது தித்தித்தது. மிளகாய் இல்லை; எலுமிச்சை இல்லை; இங்கேயும் மயோனைஸ் வந்து உட்கார்ந்திருந்தது.

அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். “உப்பு இல்ல. புளிப்பு இல்ல. உறைப்பு இல்ல. இது யாருக்குல, பத்தியக்காரனுக்கா?”

“ஆச்சி, இது டிப்.”

“அதான் கேக்கேன். எதுக்குத் தொட்டுக்கிட? இதுக்குத் தொட்டுக்கிட ஒண்ணு வேணும்போல இருக்கே.”

பிறகு பரிட்டோ. பச்சைப்பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையில் தருவதுபோல, ஈயத்தாளில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தான். பிரித்தால் மைதாச் சப்பாத்தி. அதற்குள் சோறு. சோற்றுக்குள் ராஜ்மா. ராஜ்மாவுக்குள் சாயங்காலத்து ஜில்லிப்பு. என் மனைவி சப்பாத்தியைத் தனியாக, சோற்றைத் தனியாக, பயற்றைத் தனியாகப் பிரித்து வைத்தாள். பார்த்தால் மூன்று வேளைக்கான சாப்பாடு. “இதைத் தனித்தனியாச் சூடா வச்சிருந்தா மனுசன் சாப்பிட்டிருப்பான்லா?” என்றாள். நியாயமான கேள்வி.

கோதுமை ரொட்டி மெக்சிகோவில் கிடையாதா என்றால், வட மெக்சிகோவில் உண்டு. நம் கோதுமைக்கே அங்கே ஒரு பங்கு இருக்கிறது. 1966-ல் இந்தியா 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையைக் கப்பலில் இறக்கியது. சொனோரா 64, லெர்மா ரோஹோ என்று பெயர்கள். சி. சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சர், எம்.எஸ். சுவாமிநாதன் விஞ்ஞானி, இரண்டு தமிழர்கள் முன்னின்ற காரியம். சர்க்கரை வியாதிக்காக அம்மா ராத்திரி சாப்பிடுகிற இரண்டு சப்பாத்தியின் வம்சாவளியைத் தோண்டினால் மெக்சிகோ வயலில் போய்த்தான் நிற்கும். இதையும் சொல்ல ஆரம்பித்தேன். மறுபடி மணியடித்தார்கள்.

ஆனால் மெக்சிகோச் சாப்பாட்டின் உயிர் மைதாவில் இல்லை, மக்காச்சோளத்தில் இருக்கிறது. அதிலும் சூட்சுமம் சோளத்தில் இல்லை, சுண்ணாம்பில் இருக்கிறது. காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் தோலைத் தேய்த்துக் கழுவி, அம்மியில் அரைப்பார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், அங்கேயும் அம்மிதான். கல்லும் குழவியும், முழங்காலிட்டு அரைக்கிற பெண்களும். சுண்ணாம்பு பட்டால்தான் சோளமாவு பசை கண்டு அடையாகத் தட்ட வரும். மணமும் அதில்தான் பிறக்கும். சோளத்தில் பூட்டிக்கிடக்கிற நியாசின் என்ற சத்தையும் சுண்ணாம்புதான் திறந்துவிடும். ஐரோப்பாக்காரன் சோளத்தைக் கப்பலில் ஏற்றினான், சுண்ணாம்பை விட்டுவிட்டான். விளைவு, சோளமே கதி என்று கிடந்த வட இத்தாலி ஏழைகளுக்கும் பின்னால் அமெரிக்காவின் தென் மாநிலத்து ஏழைகளுக்கும் பெல்லாக்ரா என்ற தோல் வெடிக்கிற நோய் வந்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதே சோளத்தை மூவாயிரம் வருஷமாகத் தின்றுகொண்டிருந்த மெக்சிகோக் கிழவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“சோள அடையில டாக்கோ இருக்குமா?” என்று கேட்டேன். இருந்தது. பாக்கெட்டில் வருகிற ஓடு. ஒரு கடி கடித்ததும் நெடுகப் பிளந்து, உள்ளே இருந்த பனீர் டிக்கா முழுவதும் என் சட்டைப் பையில் இறங்கியது. சுண்ணாம்பு வாசனை கொஞ்சம்கூட இல்லை. அந்த ஓட்டல் முழுவதிலும் சுண்ணாம்பு இருந்தது ஒரே இடத்தில்தான்: அம்மா மடியில், வெத்தலைப் பெட்டிக்குள், பித்தளைக் கரண்டகத்தில்.

அம்மா பையனைக் கூப்பிட்டாள். “அய்யா, ஊறுகா இருக்கா?”

அவன் ஹாலபீன்யோ என்கிற மிளகாயை வட்ட வட்டமாக வெட்டி வினிகரில் போட்டதைக் கொண்டுவந்தான். நம் வீட்டு மிளகாயின் தாயகம் மெக்சிகோ. பச்சையாக இருந்தால் ஒரு பெயர், காய்ந்தால் ஒரு பெயர், புகை போட்டால் ஒரு பெயர் என்று மிளகாய்க்கு அங்கே சாதகமே எழுதுவார்கள். யுகடான் பக்கத்து ஹபனேரோ உறைப்பை அளக்கிற ஸ்கோவில் கணக்கில் ஒரு லட்சத்துக்கு மேல் போகும். ஹாலபீன்யோ சில ஆயிரத்தோடு நின்றுவிடும். எங்கள் மலையடிவாரத்துக் காந்தாரி மிளகாய்க்குப் பக்கத்தில் வைத்தால் வாய் திறக்காது. அம்மா நாலு வட்டத்தை ஒன்றாக வாயில் போட்டு மென்று, “இதென்ன மிளகாயா, வெள்ளரிக்காயா?” என்றாள்.

பையன் சுற்றுமுற்றும் பார்த்தான். மேனேஜர் கல்லாவில் குனிந்திருந்தார். உள்ளே போனவன் ஒரு சின்ன பாட்டிலோடு வந்தான். அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்ததாம், அவர்கள் சாப்பாட்டுக்கு வைத்திருப்பதாம். கடுகெண்ணெயில் சிவப்பாக ஊறிக்கிடந்தது பூத் ஜொலோக்கியா. 2007-ல் உலகத்திலேயே அதிக உறைப்பான மிளகாய் என்று கின்னஸில் ஏறிய அஸ்ஸாம் மிளகாய்; ஸ்கோவில் கணக்கில் பத்து லட்சம். அதன் பாட்டன் பூட்டனும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவர்கள்தான். “பாட்டி, கொஞ்சம்… கொஞ்சம்தான்” என்று தீக்குச்சி மருந்தளவு எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தான்.

அம்மா அதைப் பரிட்டோச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு காது மடல் சிவந்தது. கண்ணில் தண்ணீர் கட்டி, மூக்குத்தியில் வந்து நின்றது. அக்கா மகன் தண்ணீரை நீட்டினான். தள்ளிவிட்டாள். இன்னொரு வாய் பிசைந்தாள்.

“இப்பத்தாம்ல சாப்பாடு” என்றாள். “ஏ அய்யா, நீ நல்லா இருப்பே. உங்க அம்மைதான் போட்டாளா இதை?”

அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அந்த மேசையில் மெக்சிகோவின் காரம் என்று சொல்லத்தக்கதாக வந்து சேர்ந்தது அந்தப் பாட்டில் ஒன்றுதான். அதுவும் மெனுவில் இல்லாதது, பில்லில் வராதது.

பில்லில் வந்தவை வேறு. கூடுதல் சாஸ் என்று ஒரு வரி இருந்தது. அந்தத் தித்திப்பைக் கேட்டு வாங்கியவர் எங்களில் யாரும் இல்லை. ஐந்து சதவீதம் ஜி.எஸ்.டி. சரி, அரசாங்கத்துக்குப் போகிறது. அதற்கு மேலே சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம். அக்கா மகன் கௌரவமாகக் கார்டை எடுத்தான். என் மனைவி பில்லைப் பிடுங்கினாள். நான் நாளிதழில் தலையங்கம் படிக்கிறவன். அவள் நுகர்வோர் பக்கம் படிக்கிறவள். “2022 ஜூலையிலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியாச்சு, இதை நீங்களாப் போடக்கூடாது, குடுக்கவங்க இஷ்டம்னு” என்றாள். மேனேஜர் இரண்டு நிமிஷம் சிரித்தார், மூன்றாவது நிமிஷம் எடுத்துவிட்டார். எடுத்த தொகையை அப்படியே மடித்து அஸ்ஸாம் பையன் கையில் வைத்துவிட்டு வந்தாள்.

திரும்பி வரும்போது கார் முழுக்க அமைதி. அக்கா மகனுக்கு முகம் தொங்கிவிட்டது. அவனைத் தேற்றுவதற்காகச் சொல்ல ஆரம்பித்ததுதான், இங்கேயும் சொல்கிறேன்.

அந்த ஓட்டல்காரர் அயோக்கியர் இல்லை. பயந்தவர். அயல்நாட்டுப் பண்டம், நம் ஆட்கள் ஏற்பார்களோ மாட்டார்களோ என்று பயந்து உறைப்பைக் குறைத்திருக்கிறார். புளிப்பை எடுத்திருக்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று பனீரைப் போட்டு, எல்லாவற்றையும் மயோனைஸால் மூடியிருக்கிறார். 2010-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக மெக்சிகோவின் சமையலைச் சேர்த்தது. மயோனைஸுக்காகச் சேர்த்திருக்க மாட்டார்கள். ஆக்டேவியோ பாஸ் 1962 முதல் 1968 வரை தில்லியில் மெக்சிகோவின் தூதராக இருந்தவர், பின்னால் நோபல் பரிசு வாங்கிய கவிஞர். இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் அவர்கள் ஊர் மோலேக் குழம்பையும் நம் குழம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார். மிளகாய் வற்றலை வறுத்து, எள்ளை வறுத்து, ஒவ்வொன்றாக அரைத்துச் சேர்க்கிற குழம்பு அது. அதைக் கண்டு நாம் பயப்படுவோம் என்று ஓட்டல்காரருக்கு யார் சொன்னது?

நம் நாக்கைப் பழக்கினதே அந்த ஊர்தானே. மிளகாயும் தக்காளியும் மக்காச்சோளமும் அங்கிருந்து வந்தவை. எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கிற பப்பாளியும் சப்போட்டாவும் அந்தப் பக்கத்து மரங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு நாங்கள் பெருமையாகப் போடுகிற திருநெல்வேலிச் சொதியில் கீறிப் போடுகிற பச்சை மிளகாய் அவர்களுடையது. எங்கள் வீட்டில் மெக்சிகோ நுழையாத நாள் தாத்தா திவசம் ஒன்றுதான். அன்றைக்கு மிளகாய் கூடாது, தக்காளி கூடாது, மிளகும் வாழைக்காயும்தான். செத்துப்போனவர்களுக்குத்தான் மெக்சிகோ ஆகாது. உயிரோடு இருக்கிறவர்கள் மறுநாள் காலையில் சட்னி அரைத்துவிடுவார்கள்.

நம்மிடமிருந்தும் அங்கே போயிருக்கிறது. ஆசியாவின் வாழை ஆப்பிரிக்கா சுற்றிக் கானரித் தீவுக்குப் போய், அங்கிருந்து 1516-ல் தோமாஸ் தெ பெர்லாங்கா என்ற பாதிரியார் கையோடு அமெரிக்கக் கண்டத்தில் இறங்கியது. இன்றைக்குத் தென் மெக்சிகோவில் சோளமாவைப் பிசைந்து, உள்ளே காரம் வைத்து, வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். தமாலே என்று பெயர். திருக்கார்த்திகைக்கு எங்கள் பக்கத்தில் பனையோலையில் மாவை வைத்துக் கட்டி அவிக்கிற ஓலைக்கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் என்று தைரியமாகச் சொல்லலாம். புளியும் போயிருக்கிறது, புளித்தண்ணீரில் சர்க்கரை போட்டுத் தெருத்தெருவாக விற்கிறார்கள். ஆக, இலையும் புளியும் மிளகாயும் துவையலும் சுண்ணாம்பும் இரண்டு ஊருக்கும் பொது. இந்த ஐந்தையும் நீக்கிவிட்டு மிச்சத்தை வைத்து அந்த ஓட்டல் நடக்கிறது. அக்கா மகன் ஊரில் கிடைக்காததைத்தான் சாப்பிட வைப்பதாகச் சொன்னான். சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டான்.

ஊருக்கு வந்து கொஞ்ச நாளில் அவனிடமிருந்து போன். “மாமா, நீங்க சொன்னதை யோசிச்சேன். நாமளே களக்காட்டுல ஒரு மெக்சிகன் கடை போட்டா என்ன? நான் பணம் போடுதேன்.”

திண்ணையில் கூடிப் பேசினோம். முதல் அரைமணி நேரம் எல்லாம் ஒழுங்காகவே போனது. கோவில்பட்டிக் கரிசலிலிருந்து சோளம். சுண்ணாம்புக்கு அம்மா பொறுப்பு. கொடைக்கானலிலிருந்து வெண்ணெய்ப் பழம். வேலியிலிருந்து கள்ளி, முள் சீவ ஆள் பார்க்கவேண்டும். காந்தாரி மிளகாய். தமாலேக்கு நம் தோட்டத்து இலை. சீஸ் கொஞ்சம். மயோனைஸ் உள்ளே வரக்கூடாது என்று நான் எழுதியே வைத்தேன்.

“எல்லாஞ் சரி. காலையில இட்லி இல்லன்னா எவன் வருவான்?” என்றாள் என் மனைவி. நியாயம், சேர்த்தோம். இட்லி என்றால் சாம்பார் வேண்டும், சேர்த்தோம். வெள்ளிக்கிழமை சொதி போட்டால் குடும்பத்தோடு வருவார்கள் என்றாள், அதுவும் ஏறியது. நாலு மணிக்கு வாழைக்காய் பஜ்ஜியும் சுக்குக்காப்பியும் இல்லாமல் களக்காட்டில் கடை நடத்துவது நடவாத காரியம் என்று அம்மா தீர்மானமாகச் சொன்னாள். பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ள வேண்டுமானால் அந்தப் பழத் துவையலை வைக்கலாம், ஆனால் தேங்காய் சேர்த்து அரைக்கவேண்டும் என்றாள்.

“ஆச்சி, தேங்கா போட்டா அது மெக்சிகன் கிடையாது” என்றது போன்.

“போடலன்னா துவையல் கிடையாதுல்லா.”

“சரி, மெக்சிகோக்காரன் ஒருத்தன் நெசமாவே கடைக்கு வந்து, இதென்ன மெக்சிகன் சாப்பாடுன்னு கேட்டா என்ன சொல்லுவிய?”

அம்மா வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவி, மடித்து, கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: “முதல்ல அவனை உக்காரச் சொல்லு. இலையைப் போட்டு ரெண்டு பஜ்ஜி வையி. சாப்பிட்டுட்டு அவன் கேக்கட்டும்.”